திருத்தணியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

பழைய நண்பர்கள் நாலைந்து பேர் குடும்பத்தோடு சேர்ந்து சனி, ஞாயிறு எங்காவது போய்வரலாம் என்று பேச்செடுத்தால், சென்னையில் அடுத்து வரப்போகும் பெயர்கள் முன்கூட்டியே தெரிந்தவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட், இல்லையென்றால் புதுச்சேரி, ஏலகிரி. மூன்று நாள் விடுப்பு சேர்ந்து வந்தால் ஊட்டி, கொடைக்கானல். யாராவது திருத்தணி என்று சொன்னால் வாட்ஸ்அப் குழுவில் உடனே பதில் வரும்: "அங்க என்ன இருக்கு? கோயில்தானே? காலையில போனா மத்தியானம் வீட்டுக்கு வந்துடலாம்." பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இந்தக் கருத்து தவறு. ஒரு ஊரைக் குறைத்து மதிப்பிடுவதோடு அது நிற்கவில்லை. குடும்பங்களும் பழைய நண்பர்களும் சேர்ந்து ஊருக்குப் போவது எதற்காக என்பதையே மறக்கடித்துவிடுகிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவோம். வாரம் முழுக்க உழைத்தவர்களுக்கு வேண்டியது ஓய்வு. கோயிலூரில் கிடைப்பதோ வரிசையும் வெயிலும். ரிசார்ட்டில் நீச்சல் குளம் இருக்கிறது, பிள்ளைகள் நாளெல்லாம் விளையாடுவார்கள். பெண்களுக்கு இரண்டு நாளாவது அடுப்படியிலிருந்து விடுதலை. நண்பர்கள் நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருக்கலாம். வயதானவர்களை மலையேற வைத்து வதைக்க வேண்டாம். நண்பர்களில் பல மதத்தவர் இருப்பார்கள், சாமி இல்லை என்பவரும் இருப்பார். அவர்களை ஏன் கோயிலுக்கு இழுக்க வேண்டும்? செலவு கூடுதல்தான், ஆனால் வருஷத்தில் ஒரு தடவை, போனால் போகிறது. இப்படிச் சொல்பவர்கள் நேர்மையாகவே சொல்கிறார்கள். சொல்பவர்கள் பெரும்பான்மையாகவும் இருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் அளவுகோலைத் தீர்மானித்துக்கொள்வோம். தனியாகப் பயணம் போகிறவருக்கு ஒரு அளவுகோல், புதுமணத் தம்பதிக்கு வேறொன்று. ஒரே வகுப்பில் படித்தவர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கூடுவதற்கு இரண்டு கேள்விகள்தான் முக்கியம். எல்லாராலும் வர முடிகிறதா? வந்தவர்கள் ஒருவரோடொருவர் இருக்க முடிகிறதா? அறை எப்படி, குளம் எப்படி, காட்சி எப்படி என்பவை இந்த இரண்டுக்கும் பின்னால் வர வேண்டியவை. இன்று அவை முன்னால் வந்து நிற்கின்றன. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

1. "கோயிலை விட்டால் அங்கே ஒன்றுமே இல்லை."

பார்க்காமலே சொல்லப்படும் தீர்ப்பு இது. முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராகத் திருப்பதிச் சாலையில் வண்டியை விடுகிறவர்களில் எத்தனை பேர் ஊருக்குள், நந்தியாற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலைக் கண்டிருக்கிறார்கள்? 9ஆம் நூற்றாண்டுக் கற்றளி அது. பல்லவ அரசன் அபராஜிதவர்மன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது. விமானம் தூங்கானை மாட வடிவம். பின்புறம் அரைவட்டமாக வளைந்திருக்கும். அங்குள்ள கல்வெட்டுகளில் ஒரு வெண்பா இருக்கிறது; அதைப் பாடியவன் அரசனே என்று கல்வெட்டு சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நூறாண்டுக்கு மேல் மூத்த கல்லில், ஒரு மன்னன் எழுதிய தமிழ்ப் பாட்டு. அதற்கு முன்னால் கூட்டமும் இல்லை, வரிசையும் இல்லை.

இந்த ஊர் தமிழ்நாட்டில் இருப்பதே ஒரு போராட்டத்தின் பயன். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகமும், தமிழாசிரியர் மங்கலங்கிழார் போன்ற இந்த வட்டாரத்துக்காரர்களும் எல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள். பலர் சிறை சென்றார்கள். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. கோடு எங்கே போட்டாலும் மக்கள் கலந்தே வாழ்ந்தார்கள். இன்றைக்கும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே பேச்சில் மாறி மாறி வரும். சிறிது தூரத்தில் நகரி, அங்கிருந்து புத்தூர். மாநிலத்தின் எல்லை எப்படி வகுக்கப்பட்டது என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் படித்த பிள்ளைக்கு, அந்த எல்லைக்காகப் போராடிய ஊரிலேயே நின்று தாத்தா கதை சொல்லலாம். எந்த ரிசார்ட்டில் இது கிடைக்கும்?

பள்ளித் தோழர்கள் கூடுவதற்கு இந்த ஊருக்குத் தனிப் பொருத்தமும் உண்டு. யாருடைய பிறந்தநாளை நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறதோ, அந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்ததும் தொடக்கக் கல்வி கற்றதும் திருத்தணியில். கர்நாடக இசை கேட்பவர்களுக்கோ இது முத்துசுவாமி தீட்சிதர் பாடத் தொடங்கிய ஊர். முதியவர் உருவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டான், அதிலிருந்து பாட்டுப் பிறந்தது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அவருடைய கீர்த்தனைகள் எல்லாம் தாங்கி நிற்கும் 'குருகுஹ' முத்திரை இந்த மலையோடு பிணைந்தது.

சுற்றுவட்டாரத்தை இன்னும் தொடவே இல்லை. சென்னையிலிருந்து வரும் அதே ரயில் பாதையில் திருவாலங்காடு: காரைக்கால் அம்மையார் வழிபட்ட தலம், நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை, ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்த ஊர். இன்னொரு பக்கம் சோளிங்கர் யோக நரசிம்மர் மலை. கிழக்கே பூண்டி ஏரி: 1944இல் கட்டி முடிக்கப்பட்டது, சென்னையின் தாகத்தைத் தீர்க்க அலைந்த சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியது. ஏரிக்கு அருகே தொல்லியல் அருங்காட்சியகம். அங்கிருந்து சற்று தூரத்தில் அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் ஆய்வாளர்கள் உலகுக்குச் சொன்னார்கள். ஒரு சனி, ஞாயிறில் இவ்வளவையும் பார்த்து முடிக்க முடியாது. இரண்டைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பார்த்தாலே போதும். 'அரை நாள் ஊர்' என்ற தீர்ப்பு இங்கேயே விழுந்துவிடுகிறது.

2. "கோயிலூரில் ஓய்வு கிடைக்காது. பெண்களுக்கு வேலைதான் கூடும்."

எதிர்த்தரப்பின் வாதங்களில் இதற்குத்தான் மதிப்பு அதிகம். ஏனென்றால் கடந்த காலத்தில் அது உண்மையாக இருந்தது. கோயிலுக்குப் போவது என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கிண்டிக் கட்டியவர்கள் பெண்கள்தான். போன இடத்தில் பரிமாறியவர்களும் அவர்களே, திரும்பிவந்து பாத்திரம் துலக்கியவர்களும் அவர்களே. அந்தப் பழக்கத்தை யாரும் மீட்க வேண்டாம்.

ஆனால் அது அந்தக் காலத்து வீட்டு வழக்கத்தின் குறை. அதற்குத் திருத்தணி பொறுப்பாகாது. இன்று தேவஸ்தானத்தின் தங்கும் இல்லங்களும் குடில்களும் இருக்கின்றன, தனியார் விடுதிகள் இருக்கின்றன, வேளைக்குச் சாப்பிட உணவகங்கள் இருக்கின்றன. அடுப்புப் பற்றவைக்க மாட்டோம் என்று கிளம்புமுன்னரே முடிவு செய்தால் பெண்களுக்கு ரிசார்ட்டில் கிடைக்கும் அதே விடுதலை இங்கேயும் கிடைக்கும். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் ஆண்கள். நீச்சல் குளம் அந்த முடிவை அவர்களுக்காக எடுத்துத் தரப்போவதில்லை. ரிசார்ட்டுக்குப் போன பிறகும் குழந்தைக்கு ஊட்டுவதும், ஈரத்துணி காயப்போடுவதும், மாமியாரின் மாத்திரையை நினைவு வைத்திருப்பதும் அதே பெண்தான் என்றால், மேசைக்கு வந்த சாப்பாடு மட்டும் என்ன ஓய்வைத் தந்துவிடும்?

ஓய்வுக் கணக்கையும் பார்ப்போம். ரிசார்ட்டுகளின் வழக்கமான நேரம் என்ன? பிற்பகல் 2 மணிக்கு மேல் அறை, மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். காலையில் கிளம்பிச் சாலை நெரிசலில் காத்து, பிற்பகல் அறைக்குள் நுழைந்து, தூங்கி எழுந்ததும் பெட்டி கட்டுகிறோம். கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் அனுபவித்துவிட வேண்டும் என்ற பதற்றம் வேறு. இந்த அவசரத்தில் எந்த ஓய்வும் இல்லை.

திருத்தணியின் தலவரலாறே ஓய்வு பற்றியது. சூரனோடு பொருது முடித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பது இதன் நம்பிக்கை. அதனால்தான் கந்த சஷ்டியில் மற்ற முருகன் தலங்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை. அந்த நாளில் இங்கே மலர் அருச்சனை. போருக்குப் பின் இளைப்பாறும் இடம் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் நம்பி வந்த மலையைப் பார்த்து, ஓய்வுக்கு ஏற்றதில்லை என்பது பொருந்தவில்லை.

3. "பிள்ளைகளுக்குப் பொழுது போகாது."

பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு தாழ்வாக எண்ண வேண்டாம். மலைக்கு 365 படிகள். வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு செய்தி போதும். தன் பிறந்தநாள் எந்தப் படியில் வருகிறது என்று எண்ணிக்கொண்டே ஏறிவிடும். அப்பாவின் நண்பருடைய மகளும் கூடவே எண்ணுவாள். ஐம்பதாவது படியில் இருவருக்கும் கணக்கில் தகராறு வரும், நூறாவது படியில் சமாதானம் ஆகும். அதுவரை ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் சேர்ந்து ஒரு காரியம் செய்துவிட்டார்கள்.

டிசம்பர் 31 இரவு இதே படிகளில் திருப்படித் திருவிழா நடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறி, புத்தாண்டை மலைமேல் வரவேற்பார்கள். வெள்ளைக்கார ஆட்சிக் காலத்தில், ஜனவரி முதல் நாள் துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பதற்குப் பதிலாக மக்கள் முருகன் வாசலுக்கு வரட்டும் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டு வேறு பொருள் தரும்.

நீச்சல் குளத்தில் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது? பிள்ளைகள் தண்ணீரில், பெரியவர்கள் கரையில், வயதானவர்கள் அறையில். மூன்று தலைமுறையும் ஒரே இடத்துக்கு வந்து மூன்று இடங்களில் பொழுதைக் கழிக்கின்றன. பாட்டி எப்படிச் சிரிப்பார், அப்பாவை அவருடைய நண்பர் எந்தப் பட்டப்பெயரால் கூப்பிடுவார் என்பதையெல்லாம் பிள்ளை பார்க்கும் வாய்ப்பு கரையோடு நின்றுவிடுகிறது. படிக்கட்டிலும் ரயில் பெட்டியிலும் பந்தியிலும் அது தானாகவே நடக்கிறது.

4. "வெயில், கூட்டம், வயதானவர்களுக்குச் சிரமம்."

வெயிலைப் பற்றிச் சொல்வது முழு உண்மை. கோடையில் மாநிலத்தில் அனல் அதிகம் கொதித்த ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கிறது. பங்குனி பாதிக்கு மேல் ஆனி முடியும்வரை அங்கே யாரும் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துப் போக வேண்டாம். ஆனால் ஆண்டு முழுவதும் கோடை இல்லையே. மழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலிருந்து மாசிவரை, காலையும் மாலையும் அந்த மலையில் இதமான காற்று வீசும். கோடையில் ஊட்டி நிரம்பி வழிகிறது என்பதற்காக மற்ற மாதங்களில் ஊட்டியே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. திருத்தணிக்கும் அந்த நியாயத்தைக் கொடுங்கள்.

கூட்டம்? ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடிகள் வரும். அது அடியார்களுக்கான நாள், ஒன்றுகூடலுக்கான நாள் இல்லை. மாதக் கிருத்திகை, செவ்வாய்க்கிழமை, முகூர்த்த நாள் ஆகியவற்றையும் தவிர்க்கலாம். ஞாயிறு முற்பகலில் நெரிசல் இருக்கும். ஆனால் அந்த நெரிசலுக்குக் காரணம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 'இரண்டு மணி நேர ஊர்' என்று நம்பும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள், ஒரே நேரத்தில் மலைமேல் வண்டியை நிறுத்துகிறார்கள், ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். இரவு தங்குகிறவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. சனி மாலை ஏறலாம், ஞாயிறு விடியலில் நடை திறந்ததும் போகலாம். கூட்டத்தைக் காட்டித் தங்க வேண்டாம் என்கிறார்கள். கூட்டத்துக்கு மருந்தே தங்குவதுதான்.

வார இறுதிக் கூட்டம் எங்கே அளவு கடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டிகள் போக முடியாது என்று ஆனது சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால். 2025 கோடைக்கு ஊட்டியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலில் முறையே 4,000, 6,000 என்று உச்சவரம்பே விதித்தது நீதிமன்றம். எல்லாரும் அதே நாலைந்து ஊர்களுக்கே போக வேண்டும் என்ற மனப்பழக்கம் மலைகளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சமவெளியில், ரயில் போகும் ஊர்களைத் 'தங்கத் தகாதவை' என்று ஒதுக்கியதன் சுமையை நீலகிரி தூக்குகிறது.

வயதானவர்கள் விஷயத்தில் அச்சம் தேவையில்லை. 365 படிகளும் ஏற முடிந்தவர்களுக்கு. முடியாதவர்களுக்கு மலைமேல்வரை சாலை இருக்கிறது. இளையவர்கள் படியில் ஏற, பெரியவர்கள் வண்டியில் போய் மேலே சேரலாம். சோளிங்கரில் 1,305 படிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பிய முதியவர்களுக்கும் 2024 முதல் ரோப்கார் ஓடுகிறது. உண்மையில் நம் பெற்றோர் மறுக்காமல் கிளம்பும் பயணம் இது. "ரிசார்ட்டுக்கா? நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு அங்க என்ன வேலை" என்று சொல்லும் அம்மா, திருத்தணி என்றதும் புடவையை எடுத்துவைப்பார். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

5. "நண்பர்கள் எல்லாரும் சாமி கும்பிடுகிறவர்கள் இல்லை."

சரிதான். இருக்கவும் வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் முஸ்லிமும் கிறித்தவரும் பெரியார் வழி வந்தவரும் சேர்ந்து படித்திருப்பார்கள். அவர்களைச் சன்னதிக்குள் வரச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. கும்பிடாதவர் கும்பிடாமலே இருக்கும் உரிமையை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் அவர் படிக்கட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம், மலைமேலிருந்து சமவெளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தரிசனம் ஒரு மணி நேரம்; மீதி இரண்டு நாளும் எல்லாருக்கும் பொது. அபராஜிதனின் வெண்பாவும், எல்லைப் போராட்டமும், பூண்டி ஏரியும், அத்திரம்பாக்கத்துக் கற்கருவியும் எந்த நம்பிக்கையையும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கோயிலூர் வேண்டாம் என்பதற்குப் பல குழுக்களில் உண்மையான காரணம் மதம் இல்லை, மது. அங்கே குடிக்க முடியாது என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. குடி வந்த இரவில் கூட்டம் எப்படிப் பிரிகிறது என்பது போனவர்கள் அனைவருக்கும் தெரியும். ஆண்கள் ஒரு மூலையில், பெண்கள் வேறொரு மூலையில் கவலையோடு, குடிக்காத நண்பர் இரண்டுக்கும் நடுவில். மறுநாள் காலை பாதிப் பேர் எழுந்திருப்பதில்லை. கல்லூரி நாட்களைப் பேசித் தீர்ப்பதற்காக வந்தவர்கள், பேசியது என்னவென்று நினைவில்லாமல் திரும்புகிறார்கள். ஒரு ஊரின் கட்டுப்பாடு இதிலிருந்து நம்மைக் காப்பாற்றுமென்றால், அது அந்த ஊருக்குச் சிறப்பு.

6. "வருஷத்துக்கு ஒரு தடவைதானே, செலவைப் பார்க்கலாமா?"

இந்த ஒரு வாக்கியம்தான் அதிகக் கேடு செய்கிறது. மற்ற ஐந்தும் ரசனை பற்றிய பேச்சு. இது மனிதர்களை வெளியேற்றும் பேச்சு.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் முப்பது ஆண்டு கழித்து ஒரே வருமானத்தில் இருப்பதில்லை. ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில் உயர் பதவியில் இருப்பார். இன்னொருவர் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒருவர் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுவார், ஒருவர் சிறிய கடை வைத்து கடனில் இருப்பார். இரண்டு அறை, நாலு பேர் சாப்பாடு, வரிகள், கார் வாடகை என்று ரிசார்ட் கணக்கைக் குழுவில் போட்டவுடன் முதல் நபருக்கு அது ஒரு சின்னத் தொகை. மற்ற மூவருக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அவர்கள் பணம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "அன்னிக்கு ஒரு கல்யாணம் இருக்குடா, நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். அடுத்த ஆண்டு வேறொரு காரணம். மூன்றாம் ஆண்டு அவர்களைக் கேட்பதையே நிறுத்திவிடுவோம். பிறகு 'அவன் எங்கேயும் வர மாட்டான்' என்று அவர்மேல் பழியும் போடுவோம். விலை ஒரு நட்பை முடித்துவிட்டது. குற்றம் மட்டும் நண்பர் தலையில்.

"அவருக்கு நாங்க கொடுத்துட்டுப் போறோம்" என்பார்கள் நல்ல மனம் படைத்தவர்கள். ஒரு தடவை கொடுக்கலாம். அந்த ஒரு தடவையே அவர் மனைவி மற்றவர்களோடு பேசும் குரலை மாற்றிவிடும். அவர் பிள்ளை எதையும் கேட்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவரப்பட்டிருக்கும். சமமாக இருந்தவர்களுக்கு நடுவே கொடுத்தவர், வாங்கியவர் என்ற கோடு விழுந்த பிறகு, பழையபடி அடிபிடியாகச் சிரித்துப் பேச முடியாது. எல்லாராலும் தாங்க முடிகிற இடத்துக்குப் போவதுதான் சமத்துவத்தைக் காப்பாற்றும் ஒரே வழி.

திருத்தணி தாங்க முடிகிற இடம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து நேராகத் திருத்தணிக்கே மின்சார ரயில்கள் ஓடுகின்றன. நேர் ரயில் கிடைக்காவிட்டால் அரக்கோணத்தில் மாறிக்கொள்ளலாம். கட்டணம் சில பத்து ரூபாய்கள். வேலூரிலிருந்து வரும் நண்பர் அரக்கோணம் வழியாக வரலாம், திருப்பதியிலிருந்து வருபவருக்கு நேர் ரயில். கார் இல்லாதவர் யாரிடமும் "என்னையும் ஏத்திக்கிறியா" என்று கேட்க வேண்டியதில்லை. கார்களில் போனால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிக் கண்ணாடிக்குள் அடைபட்டுப் போகும். ரயிலில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒன்றுகூடல் தொடங்கிவிடுகிறது. திருவள்ளூர் தாண்டுவதற்குள் பாதிக் கதைகள் பேசியாகிவிடும்.

மலைமேல் 2021 செப்டம்பர் முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. ஒரு வேளையாவது எல்லாக் குடும்பமும் அந்தப் பந்தியில் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது என் வேண்டுகோள். பணம் மிச்சம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வசதி உள்ளவர்கள் உண்டியலில் போடட்டும். உயர் அதிகாரியும் தறிக்காரரும் பக்கத்துப் பக்கத்து இலையில் ஒரே சாம்பாரைச் சாப்பிடும்போது, விலைப்பட்டியலைப் பார்த்து எவரும் தயங்க வேண்டியதில்லை. பள்ளியில் மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்டவர்கள் மறுபடியும் பள்ளித் தோழர்களாக ஆகும் இடம் அது.

நான் சொல்லாதவை

எல்லாரும் எப்போதும் திருத்தணிக்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடலைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும். மதுரைக்காரர்களுக்கும் கோவைக்காரர்களுக்கும் அவரவர் பக்கத்திலேயே இதுபோன்ற ஊர்கள் உண்டு. அவர்கள் அங்கே போகட்டும். திருத்தணியில் குறைகளே இல்லை என்றும் சொல்லவில்லை. வாகன நெரிசலும் பிளாஸ்டிக் குப்பையும் அந்த மலைக்குச் சேர்ந்த துன்பங்கள். ஆனால் அவற்றைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் வந்தவேகத்தில் திரும்பும் கூட்டமே. ஒரு இரவு தங்குகிறவர் விடுதிக்கும், ஆட்டோக்காரருக்கும், பூக்காரம்மாவுக்கும், டிபன் கடைக்கும் பிழைப்புத் தருகிறார். ஊரைத் தன் ஊர்போல் பார்க்கப் பழகுகிறார். இரண்டு மணி நேரத்தில் ஓடுகிறவருக்கு அந்த உறவு உண்டாக வழியில்லை.

நான் வலியுறுத்துவது கேள்விகளின் வரிசையை. இப்போது குழுவில் முதலில் எழுவது "எங்கே போகலாம்" என்ற கேள்வி. வசதி உள்ளவர் ஒருவர் ஒரு ரிசார்ட்டின் படங்களை அனுப்புவார், நாலு பேர் கைதட்டல் படம் போடுவார்கள், இடம் முடிவாகிவிடும். யாரால் வர முடியும் என்பது அதற்குப் பிறகு, தானாகத் தீர்ந்துவிடுகிற விஷயமாக ஆகிவிடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். யார் கையில் பணம் குறைவு, யார் வீட்டில் தனியாக விட்டுவர முடியாத தாய் இருக்கிறார், யாருக்குக் கார் இல்லை, யாருடைய மனைவிக்கு மற்ற குடும்பங்களோடு பழக்கம் இல்லை என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். குழுவில் பகிரங்கமாகக் கேட்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டு நண்பர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். அவர்கள் அனைவரும் வரக்கூடிய ஊர் எது என்று பிறகு தேடுங்கள்.

அப்படித் தேடும் சென்னைக்காரர்களுக்கு முன்னால் ரயில் போகும் ஊர், படி ஏறலாம் அல்லது சாலையில் போகலாம் என்ற மலை, கும்பிடுகிறவருக்குக் கோயில், கும்பிடாதவருக்கு வரலாறு, எல்லாருக்கும் பொதுவான பந்தி என்று திருத்தணி இருக்கிறது. அதன்பிறகும் அது வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் மிச்சமிருந்தால், அந்தக் காரணம் குழுவில் எல்லாரையும் விடக் குறைவாகச் சம்பாதிக்கும் நண்பரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்ல முடியாத காரணத்தை வைத்து அவரோடு சேர்ந்து போகவேண்டிய இடத்தை முடிவு செய்யாதீர்கள்.